இரண்டாவது சாரதி

தம்பி,

உன்னால் இதை வாசிக்க முடியாது என்று தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நீ பத்து வயதில் விட்டாய். கிரிக்கெட்டுக்கு நேரம் போதவில்லை என்று அழுதாய், நானும் விட்டுவிட்டேன். உன் மனைவி பிஜியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, அவளுக்கும் தெரியாது. ஆக, உன் வீட்டில் இதை வாசிக்கக்கூடியவர் ஒருவர்தான். மூன்று கிழமையாக உங்கள் மேல்மாடி அறையில் இருக்கிற உன் அம்மா. அவரிடம் கொடு, சத்தமாக வாசிக்கச் சொல், கேட்டால் உனக்கு விளங்கும். போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்காதே. அம்மா ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லை என்று தாளை மடிப்பார். அப்போது விடாதே. கடைசி வரி வரை வாசிக்க வை. அவரோடு நேரே கதைக்கலாமே என்று கேட்பாய். போனில் அவர் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ. நான் பதில் சொல்லி முடிக்கும் முன் வைத்துவிடுகிறார்.

இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தேநீர் போட்டுவிட்டு அதைக் குடிக்காமல் முன் கதவுக்குப் போகிறேன். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. பஸ் பிடித்து சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குப் போகிறேன். இந்தியக் கடைக்குள் நுழைந்து முருங்கைக்காயை எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். கடைக்காரர் மதுரைப் பக்கத்து மனிதர். நேற்றுக் கேட்டேவிட்டார். "என்ன சார், தினம் வர்றீங்க, ஒண்ணும் வாங்க மாட்டேங்குறீங்க? ஆன்ட்டி ஊருக்குப் போயிருக்காங்களா?" ஓம் என்று சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் முருங்கைக்காய் விற்கிறவரிடமும் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேனே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். வந்து இறங்கியதும் தாளை எடுத்தேன்.

போன கிழமை நீ போனில் சொன்னாய்: "அப்பா, ஜஸ்ட் சே சொறி. யூ மேட் ஃபன் ஒஃப் ஹேர் டிரைவிங்." மூத்தோர் ஒன்றுகூடலில் நாற்பது பேர் முன்னால் அம்மாவின் கார் ஓட்டத்தை நான் கேலி செய்தேன், அவர் மனம் நொந்து உன்னிடம் வந்துவிட்டார் என்பதுதான் உனக்குத் தெரிந்த கதை. நடந்ததில் அது கால்வாசிகூட இல்லை. மிச்சத்தை அம்மா உனக்குச் சொல்லவில்லை என்பது உன் பேச்சிலேயே விளங்கியது. அவர் சொல்லவும் மாட்டார்.

அதற்கு முன் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கப் போவதில்லை. ஸ்பெயினின் தெற்கில் பதினொரு நாள் காரில் சுற்றிவர நீயும் உன் மனைவியும் எங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தது பெரிய காரியம். ஆனால் எந்த ஊர், எந்தத் தங்குமிடம், என்ன கார் என்று எல்லாவற்றையும் அம்மாவும் நீயும் ஆறு கிழமையாகப் போனில் தீர்மானித்துவிட்டு, எங்கள் கல்யாண நாளில் கேக் வெட்டுகிற நேரத்தில் 'சப்ரைஸ்' என்று என்னிடம் நீட்டினீர்கள். ஓக்லாந்தின் தெற்கே விரியில் கிடங்கு ஒன்றில் நான் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தவன். முதலில் ஃபோர்க்லிஃப்ட், பிறகு எந்த லொறி எந்த வழியால் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. யாரும் எனக்குப் படிப்பித்துத் தரவில்லை. வரைபடப் புத்தகத்தை மதியச் சாப்பாட்டோடு விரித்து வைத்து நானே படித்தேன். இந்த நாட்டில் பிறந்த சாரதிகள் என்னிடம் வந்து வழி கேட்டார்கள். அப்படிப்பட்டவனிடம் வழி கேட்காமல் ஒரு பயணம் போட்டது எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது. உன் மனைவி வீட்டில் யாருக்காவது நீ பரிசு கொடுப்பதானால், அவருக்கு எதில் கெட்டித்தனமோ அதில் கொஞ்சத்தை அவர் கையில் விட்டுவிட்டுக் கொடு.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் ஸ்பானிய மொழிப் புத்தகம் எடுத்து மூன்று மாதம் படித்தேன். அந்தலூசியா முழுவதையும் காட்டுகிற வரைபடம் ஒன்றை வாங்கி, பென்சிலால் எங்கள் வழியைக் கீறினேன். மலகா விமான நிலையத்தில் இறங்கியபோது எனக்கிருந்த உற்சாகத்தை அம்மாவிடம் கேள். கார் வாடகைக்குக் கொடுக்கிற கவுண்டருக்கு நான்தான் முன்னால் போனேன். அங்கே இருந்த பெண் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் கிரெடிட் கார்ட் எங்கே என்றாள். என்னிடம் ஏது? கையில் இல்லாத காசைச் செலவழிக்க ஓர் அட்டை எனக்குத் தேவையில்லை என்று முப்பது வருடமாக வங்கிக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பியவன் நான். அம்மா கைப்பையைத் திறந்து தன்னுடைய அட்டையை எடுத்தார். நீ எடுத்துக் கொடுத்ததாம். அட்டை யாருடையதோ அவர்தான் சாரதி என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு இன்னொரு தாளை என் பக்கம் தள்ளி, பிரச்சினையில்லை, நீங்கள் இதில் இரண்டாவது சாரதியாகக் கையெழுத்து வைக்கலாம் என்றாள்.

தம்பி, அவ்வளவுதான் கேட்டாள். ஒரு கையெழுத்து. நான் பேனாவை வைத்துவிட்டேன். 

"வையுங்கோவன் அப்பா, மாறி மாறி ஓடலாம்" என்று அம்மா சொன்னார்.

"நான் ரெண்டாவது எண்டு ஒரு இடத்திலயும் கையெழுத்து வைக்கேல்லை. நீரே ஓடும்."

"பிறகு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கக்கூடாது."

"நான் ஏன் தூக்கி வைக்கிறன்?"

அங்கே காரின் ஸ்டீரிங் இடது பக்கம். ஆகவே நான் இருந்த வலது சீற், முப்பது வருடமாக நான் ஸ்டீரிங் பிடித்திருந்த அதே பக்கம். கைக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. முதல் நாள் மாலை முழங்கால் வீங்கிவிட்டது. அம்மாவோ, ஓக்லாந்தில் வீட்டிலிருந்து வேலைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டியவர், அந்த மோட்டர்வேயில் நூற்றிருபதில் போனார். இரண்டு பக்கமும் ஒலிவ் மரங்கள், மலை உச்சி வரை வரிசை பிசகாமல். கண்ணாடியை இறக்கிவிட்டு, சூடான காற்று முகத்தில் அடிக்க, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். "மெதுவா" என்றேன். "இது மெதுவாத்தான்" என்றார்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கார் பழக்கியது நான்தான், விரியில், ஞாயிற்றுக்கிழமைகளில், கிடங்குக்கு முன்னால் இருந்த வெறும் தரிப்பிடத்தில். நீ பின் சீற்றில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாள் முன் சில்லு விளிம்புக்கல்லில் ஏறிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் நீ அழத் தொடங்கினாய். அதற்குப் பிறகு அம்மா மோட்டர்வே பக்கம் போகவில்லை. அவருக்குப் பயம் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். அவருக்குப் பயம் ரோட்டில் இல்லை, பக்கத்துச் சீற்றில் இருந்தது. இன்னொன்றையும் தெரிந்துகொள். சாரதிப் பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்தவன் நான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவையே சித்தியடைந்தது உன் அம்மா. நான் மூன்றாம் தடவை. அதை நான் மாற்றிச் சொன்ன நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஒரு தடவையும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் கிரனாடாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் மூன்று மாதம் படித்ததையெல்லாம் திரட்டி, இறைச்சி சேராத சாப்பாடு என்ன இருக்கிறது என்று கேட்டேன். பரிமாறுகிறவன் குனிந்து இரண்டு தரம் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினான். உடனே அம்மா வாயைத் திறந்தார். நாலே சொற்கள்தான். அவன் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அம்மாவும் சிரித்துப் பதில் சொன்னார்.

"எங்க பழகினீர்?" என்று கேட்டேன்.

"மார்த்தாவிட்ட."

"எந்த மார்த்தா?"

அம்மா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னிரண்டு வருசம் என்னோட குசினியில நிண்டவ. சிலி நாட்டுக்காரி. தம்பியின்ர கலியாணத்துக்கு வந்து உங்களோட ஃபோட்டோவும் எடுத்தவ." 

முதியோர் இல்லத்துக் குசினியில் அம்மா செய்த வேலையைப் பற்றி நான் அறிந்தது, எத்தனை மணிக்குப் போவார், எத்தனை மணிக்கு வருவார் என்பது மட்டும். அங்கே பன்னிரண்டு வருடம் ஒரு பெண் அவருக்கு ஒரு பாஷையையே கொடுத்திருக்கிறாள், நான் ஒரு நாளும் கேட்கவில்லை. உனக்குச் சொல்கிறேன், இது புத்திமதிதான்: உன் மனைவியோடு வேலை செய்கிற ஆட்களின் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள். அறிமுகமில்லாத ஊரில், பரிமாறுகிறவன் முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவமில்லை.

ஆறாம் நாள்தான் நான் சொல்ல வந்த நாள். ரொண்டாவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற மலைப்பாதை. ஒரு பெற்றோல் நிலையத்தில் அம்மா காரை நிறுத்தி, சாவியை அப்படியே விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் இடது சீற்றில் இருந்தேன்.

"இதென்ன?"

"நீர் களைச்சுப் போனீர். நான் கொஞ்சம் ஓடுறன்."

"எனக்கு ஒரு களைப்பும் இல்லை. நீங்கள் கையெழுத்து வைக்கேல்லை அப்பா. ஏதும் நடந்தா?"

"ஆர் பாக்கப் போறான் இந்த மலையில? ஏறும்."

அவர் கதவைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. ஏறினார்.

என் வரைபடத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது, மலைச்சரிவில் இருக்கிற வெள்ளைக் கிராமம் ஒன்றுக்குள்ளால். வழி சொல்லிக்கொண்டு வந்த போன் வேண்டாம் என்றது. அம்மாவும் வேண்டாம் என்றார். "போனைக் கேட்டே நான் விரியில லொறி அனுப்பினனான்?" என்று சொல்லிவிட்டுத் திருப்பினேன். வெள்ளை மதில்கள் இரண்டு பக்கமும் கிட்டக் கிட்ட வந்தன. முப்பது வருடம் வலது பக்கம் இருந்து ஓட்டியவனுக்கு, தன் வலது பக்கத்தில் இன்னும் ஒரு முழுக் கார் இருக்கிறது என்பது உடம்பில் ஏறாது. முதலில் பக்கவாட்டுக் கண்ணாடி முறிந்தது. நான் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் போனேன், போய்விடலாம் என்று. முன் கதவிலிருந்து பின் கதவு வரை மதில் உரசிக்கொண்டு வந்த சத்தம் இப்போதும் என் பல்லில் இருக்கிறது. பிறகு கார் அசையவில்லை.

அம்மாவின் கதவைத் திறக்க முடியவில்லை. நான் இறங்கியபின், என் சீற்றுக்கு மேலால் காலைத் தூக்கி வைத்துத்தான் அவர் வெளியே வந்தார், அறுபத்தெட்டு வயதில், சேலை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லிக்கொண்டு. அதற்குள் ஐந்தாறு ஆண்கள் கூடிவிட்டார்கள். நான் புத்தக ஸ்பானியத்தில் விளக்கம் சொன்னேன். அவர்கள் என்னை விலக்கிவிட்டு அம்மாவோடு கதைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா ஸ்டீரிங்கில் இருந்தார். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று கையைக் காட்ட, விரல் விரலாகக் காரைப் பின்னுக்கு எடுத்தார். மேல்மாடியிலிருந்து ஒரு கிழவி கை தட்டினாள். அந்த நேரம் பார்த்து ஊர்ப் பொலிஸ்காரர் வந்து, மதிலில் பெயர்ந்த சுண்ணாம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டியது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி என் புத்தகத்தில் இருந்தது. எனக்கு நன்றாக விளங்கியது. பதிலும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா "யோ" என்றார். அந்தப் பாஷையில் 'நான்' என்பதற்கு அந்த ஓர் எழுத்துப் போதும்.

நிறுத்தினாரா? வாசிக்கச் சொல்.

மலகாவில் காரைத் திருப்பிக் கொடுத்தபோதும், விபத்துப் படிவத்தில் தன் பெயரை எழுதித் தானே கையெழுத்து வைத்தார். நான் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடையில் இருந்த நாட்களில் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குத்திக் காட்டவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு பொரித்த கத்தரிக்காயும் தேனும் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார், மறுநாளும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். எனக்குத்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவர் ஏசியிருந்தால் நானும் ஏசி, கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் சும்மா இருந்தது என்னைத் தின்றது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வந்த கிழமையே சனிக்கிழமை ஒன்றுகூடல். அம்மா மண்டபத்தின் பின்பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செல்வம் அண்ணையை உனக்குத் தெரியும், எப்போதும் முன்வரிசையில் இருந்து பகிடி விடுகிறவர். "என்ன, பதினொரு நாளும் மனிசி ஓட, நீர் பக்கத்தில பொம்மை மாதிரி இருந்தீராம், உண்மையோ?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில் நான் செய்ததுதான் இது: "ஓம் அண்ணை, இருந்தனான். அதாலதான் மதிலோட கொண்டுபோய் அடிச்சவ" என்று சொன்னேன். ஒரு சிரிப்பு எழுந்தது. சிரிப்பு எனக்குப் பிடித்தது. அம்மா ஸ்டீரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு போனதாக நடித்தும் காட்டினேன். "அக்கா, மதில் நடு ரோட்டிலயோ நிண்டது?" என்று செல்வம் அண்ணை பின்பக்கம் பார்த்துக் கத்தினார். "மதில் பாவம் அண்ணை, அது தன்ர பாட்டில நிண்டது" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். தேநீர்க் கோப்பைகளை எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் காலை பையோடு வந்து சாவியை எடுத்தார்.

"பிள்ளை வீட்ட போறன்."

"ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"கார்தான்."

"அங்கால போக ஹார்பர் பாலம் ஏற வேணும். எட்டு லேன். விளங்குதோ?"

"பாலம் பேசாமத்தான் நிக்கும். நீங்கள்தான் பேசுவியள்."

போய்விட்டார். முப்பது வருடம் அவரால் ஏலாது என்று நான் சொல்லி வந்த பாலத்தின் மேலால், தனியாக. அன்று நீ போன் எடுத்து அம்மா வந்துவிட்டார் என்று சொல்லும் வரை நான் அறைக்கு அறை நடந்தேன். விபத்து நடந்துவிடுமோ என்ற பயத்தில் நடக்கவில்லை. ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தம்பி, நீ என்னை 'சொறி' சொல்லச் சொல்கிறாய். கேலிக்காகவா? கேலிக்கு அவர் என்னை அன்றைக்கே மன்னித்திருப்பார். எனக்காக அவர் ஒரு பொய்யைத் தன் பெயரில் வாங்கினார். அதை நான் உண்மை போல எடுத்து, அவருக்கு எதிராகவே நாற்பது பேருக்கு விற்றேன். கல்யாணம் கட்டி ஒன்றரை வருடமான உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உன் பிழையை உன் மனைவி எப்போதாவது தன் தலையில் போட்டுக்கொண்டால், அந்த இடத்திலேயே, அந்த ஆள் முன்னாலேயே வாயைத் திற. அங்கே தவறவிட்டால் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு நீ தீனி போட வேண்டி வரும். வாடகைக் கார்க்காரருக்கு நேற்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிட்டேன், ஓட்டியது நான், பெயரும் முகவரியும் இது என்று. அவர்கள் செய்வதைச் செய்யட்டும்.

நீ நினைக்கிற அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அம்மா தன் வாயாலேயே அதை வாசித்து, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது சரியில்லை. எங்கே, யார் முன்னால் அவரைச் சிறுமைப்படுத்தினேனோ, அங்கே, அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றதை வருகிற சனிக்கிழமை ஒன்றுகூடலில் எழுந்து நின்று முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன், மூன்றாம் தடவைப் பரீட்சையும் சேர்த்து. தலைவருக்குச் சொல்லிவிட்டேன். "ஏன் அண்ணை, குடும்ப விசயம், விடுங்கோவன்" என்றார். நான் குடும்ப விஷயத்தை ஊர் விஷயமாக்கியவன், அதை ஊரில் வைத்துத்தான் முடிப்பேன் என்றேன். செல்வம் அண்ணை சிரிப்பார். சிரிக்கட்டும். வயதானால் மனிதர் இளகுவார்கள் என்று நினைக்காதே. நான் பிடித்தால் விடாதவன்தான், இப்போதும் அப்படித்தான். பிடித்திருப்பது மட்டும் வேறு.

ஒன்றில் கண்டிப்பாக இருக்கிறேன். சனிக்கிழமைக்கு முன் அம்மா வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. இதை வாசித்து மனம் இளகி, நாளைக்கே பையை எடுத்துக்கொண்டு புறப்படுவார், எனக்கு அவரைத் தெரியும். தடுத்து வை. அவர் வந்துவிட்டால், என் கையிலிருந்து தாளை வாங்கி வைத்துவிட்டு, இதொன்றும் வேண்டாம், சாப்பிடுங்கோ என்பார். நானும் சாப்பிட்டுவிடுவேன். பிறகு ஒருநாளும் அந்த மண்டபத்தில் எழும்ப மாட்டேன்.

சனிக்கிழமை பத்தரை மணி, சான்ட்ரிங்ஹாமில் அதே மண்டபம். போவதற்கு எனக்கு பஸ் இருக்கிறது. திரும்பி வரும்போது நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கிறேனா, வாசலில் நிற்கிற காரில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருக்கிறேனா என்பதை, இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறவர் தீர்மானிக்கட்டும்.

அப்பா